சிங்கம் விழுந்தால் ஜன்னல்

சாவிகளை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார் மேடம் ஓங்.
மரக்கதவுக்கு ஒன்று, கம்பிக்கதவுக்கு ஒன்று,
தபால்பெட்டிக்கு ஒன்று.
ஏர்கான் இரவு பத்திலிருந்து காலை ஆறு.
மீன் பொரிக்கக் கூடாது.
கடுகு தாளித்தால் அது மீன் கணக்கில் சேருமா என்று
நான் கேட்கவில்லை.

புக்கிட் பாத்தோக், ஒன்பதாவது மாடி.
ஒரே அறை, இரண்டு கட்டில்.
ஒன்று ஜன்னலோரம்.
இன்னொன்று அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே,
பேருந்தின் கடைசி இருக்கை போல.

எனக்கு முன்பே வந்திருந்தாள் லோஷினி.
ஆனாலும் எந்தக் கட்டிலிலும் உட்காராமல்
நடுவில் தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.
சுங்கை பட்டாணியிலிருந்து
பஸ்ஸில் பதினோரு மணி நேரம்,
கால் இரண்டும் வீங்கியிருந்தது.
"காசு சுண்டுவோம்லா" என்றாள்.

ஒரு வெள்ளிக் காசில் பூவும் இல்லை, தலையும் இல்லை.
ஒரு பக்கம் மீன்வால் வைத்த சிங்கம்.
மறுபக்கம் கேடயத்தைப் பிடித்து நிற்கிற சிங்கம்.
"சிங்கம் விழுந்தா ஜன்னல் எனக்கு."
சரி என்றேன்.
காசு மேலே போன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.
நாங்கள் சிரித்து முடிப்பதற்குள்
அது தரையில் துள்ளி, உருண்டு,
சுவரோடு அறைந்த அலமாரிக்கு அடியில் போய்விட்டது.
துடைப்பம் எட்டவில்லை.
கைப்பேசி வெளிச்சத்தில்
யாருடையதோ ஒரு பழைய காலுறை மட்டும் தெரிந்தது.

அன்றிரவு மெத்தைகளைத் தரைக்கு இழுத்தோம்.
தீர்ப்பு வரும்வரை என்று சொல்லிக்கொண்டோம்.

வகுப்பு தொடங்க ஒன்பது நாள்.
நான்கு பிளாக் தள்ளி ஒருவர்
பதினைந்து வெள்ளிக்கு மேசை விற்றார்.
தூக்கி வரும் வழியில் மழை பிடித்தது.
மேசையையே தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தோம்,
நான்கு கால் வானத்தைப் பார்க்க.
தாழ்வாரமெங்கும் கொடி கட்டியிருந்தார்கள்.
புல்லோரம் ஏழாம் மாதத்துப் பேய்களுக்கு
ஆரஞ்சுப்பழமும் ஊதுபத்தியும்.
மிதிக்காமல் தாண்ட வேண்டும்,
தாண்டினோம், மேசையோடு.

ஐந்தாம் நாள் என் தப்பு.
சமையலறை ஜன்னலில் மூங்கில் கழியை நீட்டி
ஊதாச் சுரிதாரைப் பிழியாமல் காயப்போட்டேன்.
எட்டாம் மாடியில் ஒரு பையனின்
வெள்ளைப் பள்ளிச்சட்டை பாதி ஊதாவானது.
அவன் அம்மா மேலே வந்தார்.
சீனத்தில் தொடங்கி, மலாயில் இறங்கி,
சட்டையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.
எனக்கு ஒரு மொழியும் வரவில்லை,
தமிழ்கூட.

லோஷினி முன்னால் வந்து
மலாயில் ஏதோ சொல்லி, சட்டையை வாங்கிக்கொண்டாள்.
எலுமிச்சையும் சோடாமாவும் போட்டு
நள்ளிரவுவரை தேய்த்தாள்.
என்ன சொன்னாய் என்று கேட்டேன்.
"காமி தவறுதலா பண்ணிட்டோம்னு சொன்னேன்."
காமி?
"நாங்க. எதிர்ல நிக்கிறவங்கள சேர்க்காத நாங்க."

கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்த இலக்கணத்தில்
எனக்கும் அது இருந்தது.
யாரும் என்னை அதற்குள் வைத்துப் பேசியதில்லை,
இந்த ஊரில், அதுவரை.
நன்றி சொல்லத் தெரியாமல்
வாளியைக் கவிழ்த்துவைத்தேன்.

மறுநாள் காலை கேட்டாள்:
"பசியாறிட்டியா?"
என் ஊரில் பசி எடுக்கும், அடங்கும்.
ஆறுவது சோறு, புண், கோபம்.
பசியும் ஆறும் என்பது அவள் தமிழ்.
இல்லை என்றேன்.
கடுகு வெடித்தது. ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டோம்.

நாளை எட்டரைக்கு முதல் வகுப்பு.
இரண்டு கைப்பேசியிலும் அலாரம்,
ஒன்றை ஒன்று நம்பாமல்.
ஜன்னலோரக் கட்டிலில் அரிசிப்பை படுத்திருக்கிறது.
சுவரோரக் கட்டிலில் மடிக்காத துணி.
லோஷினியின் கால்
என் மெத்தையின் எல்லைக்குள் வந்துவிட்டது.
தள்ளவில்லை.
அலமாரிக்கு அடியில்
எந்தச் சிங்கம் மேலே பார்த்துக் கிடக்கிறதோ.